காத்திருக்கும் பயறு, காத்திராத பலாக்கொட்டை

பாடசாலையில் வித்து முளைத்தல் என்றால் பயறு என்றே ஆகிவிட்டது. ஆரம்ப வகுப்புகளின் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ பாடத்துக்காக யோகட் கோப்பையில் பஞ்சைத் திணித்து, நாலைந்து பயற்றைப் போட்டு, அது கவிழ்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி பஸ்ஸில் நிற்கும் பிள்ளைகளைக் கண்டியில் தவணைக்கு ஒருமுறையாவது காணலாம். பயறு நல்ல தேர்வுதான். மலிவு, விரைவாக முளைக்கும், அநேகமாக ஏமாற்றாது. என் குறை ஒன்றுதான். பயற்றை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை, விதை என்றாலே டின்னில் போட்டுவைத்து வேண்டியபோது எடுத்து நனைக்கிற பொருள் என்று நினைத்துக்கொள்கிறது.

கண்டி வீடுகளின் சமையலறையில் இரண்டு வகை விதை இருக்கிறது. ஒன்று அலமாரியில்: பயறு, கௌபி, கடலை, வெந்தயம், கடுகு, குரக்கன். இவை பெரும்பாலும் உலர்ந்த நிலங்களில் விளைந்து மூடையில் ஏறி வந்தவை. மாதக்கணக்கில் டின்னில் கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் எழும்பும். மற்ற வகை, சாப்பிட்டு முடித்தபின் குப்பைக் கூடையில் விழுவது: பலாக்கொட்டை, மாங்கொட்டை, ரம்புட்டான், மங்குஸ்தான், அவகாடோ. இவை வீட்டு வளவிலிருந்தோ அடுத்த வளவிலிருந்தோ வந்தவை. காயவைத்து டின்னில் போட்டால் செத்துப்போகும். ஒரே ஜன்னல் விளிம்பில் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வசதி எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை.

முதலில் பயற்றையே எடுத்துக்கொள்வோம்.

காய்ந்த பயற்றில் நிறையில் பத்தில் ஒரு பங்களவுதான் தண்ணீர். இரவு ஊறப்போட்டுக் காலையில் பார்த்தால் ஏறத்தாழ இரு மடங்கு கனத்திருக்கும். பிள்ளைகள் இதைக் கண்டதும் ‘உயிர் வந்துவிட்டது’ என்பார்கள். வந்ததா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. பலகாரத்துக்கு வறுத்த பயற்றில் ஒரு கைப்பிடியை இன்னொரு கோப்பையில் ஊறப்போடுங்கள். அதுவும் வீங்கும். வறுபட்டுச் செத்த விதையும் உறிஞ்சும், ஏனென்றால் உறிஞ்சுவது புரதமும் மாப்பொருளும், அதற்கு உயிர் தேவையில்லை. இரண்டாம் நாள்தான் வித்தியாசம் தெரியும். பச்சைப் பயற்றில் வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டியிருக்கும். வறுத்தது சும்மா கிடந்து நாறத் தொடங்கும். இந்த இரண்டு கோப்பையையும் ஒன்றாக வைக்காமல் பயற்றை மட்டும் முளைக்கவைப்பது பாதிப் பரிசோதனைதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பயறு சிறிது. கௌபியோ போஞ்சி விதையோ நல்லது. ஊறிய விதையைத் துடைத்துவிட்டு இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். தழும்புக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுத் தண்ணீர் கசியும். அதுதான் நுண்துளை. தோலை உரித்து இரண்டு வித்திலைகளையும் பிரித்தால், ஓரத்தில் கொக்கிபோல வளைந்த ஒரு செடி. முளைவேர் ஒரு பக்கம், மறுபக்கம் மடித்துவைத்த இரண்டு இலைகள், நரம்பு வரிகள்கூடத் தெரியும். மண்ணையோ வெயிலையோ காணாத செடிக்கு இலை முன்கூட்டியே தைத்து வைத்திருக்கிறது. ஒரு சாதாரண உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் பிள்ளையை அரை மணி நேரம் கதிரையிலிருந்து எழுப்ப முடியாது.

தண்ணீர் போனதும் அந்தச் செடி சுவாசிக்கத் தொடங்குகிறது. சேமித்துவைத்த மாப்பொருளை நொதியங்கள் சீனியாக உடைக்க, ஒட்சிசன் அதை எரிக்க, வெப்பம் வெளிவருகிறது. விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறவைத்து முளைகட்டும் விவசாயிக்கு இது புதிதில்லை. சாக்கின் நடுவில் கையை விட்டால் சுடும். வீட்டில் பார்க்க இரண்டு பிளாஸ்க் போதும். ஒன்றில் முளைவிட்ட பயறு, மற்றதில் அவித்து ஆறவைத்த பயறு, வாயைப் பஞ்சால் அடைத்து ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானி. அவித்த பயற்றைக் கிருமிநாசினியில் அலசிவிட்டுப் போடவேண்டும். இல்லாவிட்டால் அதில் பெருகும் பற்றீரியாவும் சுவாசித்து வெப்பத்தைக் கூட்டி, செத்த பயறு உயிரோடிருப்பதாகக் கணக்குக் காட்டிவிடும்.

ஒட்சிசன் தேவை என்றேன். நெல் இதற்கு ஒரு விசித்திரமான விதிவிலக்கு. கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு கிளாசில் விளிம்பு வரை நிரப்பி, கோழிக்கு வாங்கும் நெல்லில் பத்துப் பதினைந்தைப் போட்டு, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று விடுங்கள். இன்னொரு கிளாசில் அதே மாதிரி பயறு. பயறு மூச்சுத் திணறி அழுகும். நெல்லோ வேரை விடாமல் ஒரு வெள்ளைக் குருத்தை மட்டும் மேல்நோக்கி நீட்டும். சேற்று வயலில் வாழப் பழகிய பயிர் அது. முதலில் குருத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோய்க் காற்றைப் பிடித்தபிறகே வேரைப் பற்றி யோசிக்கும். புத்தம்புது நெல் வேண்டாம். அறுத்துச் சில வாரங்களுக்குப் பல நெல் வகைகள் உறங்குநிலையில் இருக்கும். அந்த உறக்கம் இல்லாவிட்டால் அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைத்துவிடும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கும் கண்டியின் வெப்பம் பயற்றுக்குப் போதுமானது. மார்கழி, தை இரவுகளில் கொஞ்சம் மந்தப்படும். நுவரெலியாவில் இதே பயறு பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும். அங்கே பட்டாணி சுறுசுறுப்பு. கண்டியின் தொல்லை வேறு: ஈரம். ஐப்பசி மழையில் மூடிவைத்த கோப்பைக்குள் பூஞ்சணம் பயற்றை முந்திவிடும். பஞ்சு அளவுக்கு மேல் நீரைப் பிடித்துக்கொள்ளும். டிசூத் தாளோ, ஒருமுறை கொதிநீரில் அலசிய தும்புச்சோறோ நல்லது.

முளையைத் தின்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முளைக்குப் பிடித்த வெதுவெதுப்பும் ஈரமும் பற்றீரியாவுக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தோடு தொடர்புபட்ட ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சிறுபிள்ளைகளுக்கு முளைப்பயற்றை அவித்துக் கொடுப்பதே சரி. விதைக் கடையில் சாயம் பூசி விற்கும் மரக்கறி விதைகளில் மருந்து இருக்கும், அவை வாய்ப்பக்கம் போகக்கூடாது. குன்றிமணியை முளைக்கவைக்கிறேன் என்று எந்தப் பிள்ளை கேட்டாலும் கொடுக்காதீர்கள். அழகான விதை, கொல்லும் நஞ்சு.

முளை வந்தபின் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியும் தாவரவியல் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சின்னவள் என்னிடம் கேட்டாள்: “மாமா, மேல எது, கீழ எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” கண்ணாடிப் போத்தலின் உட்சுவரில் டிசூவைச் சுருட்டிவைத்து, அதற்கும் கண்ணாடிக்கும் இடையில் கௌபியைச் செருகி, வேர் ஒரு விரற்கடை வந்ததும் போத்தலைப் படுக்கவைத்தோம். காலையில் வைத்தது, பின்னேரம் அவள் பாடசாலை விட்டு வந்தபோது வேர்நுனி தரைப்பக்கம் திரும்பியிருந்தது. 1806இல் தோமஸ் நைட் என்ற ஆங்கிலேயர், தண்ணீரால் சுழலும் சக்கரம் ஒன்றில் அவரை இன விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேகமாகச் சுழன்ற சக்கரத்தில் வேர்கள் வெளிநோக்கியும் தண்டுகள் மையம் நோக்கியும் வளர்ந்தன. வேர் தேடுவது ஈரத்தையோ இருட்டையோ அல்ல, இழுவிசையின் திசையைத்தான் என்று அப்போது தெளிந்தது. வேர்நுனிக் கலங்களுக்குள் கனமான மாப்பொருள் மணிகள் உண்டு. போத்தலைச் சாய்த்தால் அவை உருண்டு புதிய அடிப்பக்கத்தில் படியும். அந்தப் பக்கம் ஒட்சின் என்ற ஓமோன் கூடச் சேரும். வேரில் ஒட்சின் கூடினால் வளர்ச்சி குறையும். ஆகவே கீழ்ப்பக்கம் பின்தங்க, மேற்பக்கம் நீள, வேர் கீழே வளையும். தண்டில் அதே ஒட்சின் வளர்ச்சியைக் கூட்டுவதால் தண்டு மேலே எழும்பும்.

ஒளியைப் பற்றிய பாடம் நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் வீடுகளில் தானாகவே நடக்கிறது. கும்பத்தின் அடியில் மண் பரப்பித் தூவிய நவதானியம் சாமியறையின் அரைஇருட்டில் மஞ்சளாக, மெலிந்து, கிடுகிடுவென்று உயர்ந்துவிடும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரியும் அப்படித்தான். வெளிச்சம் படாதவரை முளை தன்னை மண்ணுக்குள் புதைந்திருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. பச்சையம் செய்வதில் சேமிப்பைச் செலவிடாமல் முழுவதையும் நீளத்தில் போடுகிறது. அதே மஞ்சள் முளையை ஜன்னலுக்குக் கொண்டுவந்தால் ஒரே நாளில் நீளுவதை நிறுத்திப் பச்சை பிடிக்கும். உயரமான முளை செழிப்பான முளை என்று பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளையிடம் மறுக்கத் தேவையில்லை. ஒரு கோப்பையைச் சாமியறையிலும் ஒன்றை ஜன்னலிலும் வைத்து, இரண்டு வாரம் கழித்து எது நிற்கிறது, எது சாய்கிறது என்று பார்த்தால் போதும்.

இனிக் காத்திருத்தலுக்கு வருவோம். டின்னில் கிடக்கும் பயறு எவ்வளவு காலம் காத்திருக்கும்? இந்தக் கேள்வியை வீட்டுக்குள் வைத்து, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கேட்டவர்களில் சார்ள்ஸ் டார்வின் ஒருவர். தீவுகளுக்குச் செடிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த காலம். 1855இல் தன் வீட்டில் உப்புத் தண்ணீர்ப் போத்தல்களில் விதைகளை ஊறப்போட்டு, இடையிடையே எடுத்து முளைக்கவைத்தார். நண்பர் ஹூக்கர் பெரிய தாவரவியலாளர். விதைகள் சீக்கிரமே செத்துவிடும் என்பது அவர் எண்ணம். ஹூக்கரை அப்பா வென்றுவிடுவாரா என்று பிள்ளைகள் ஆவலோடு விசாரித்துக்கொண்டே இருந்ததாக டார்வினே ஹூக்கருக்கு எழுதினார். அப்பா வென்றார். 87 வகை விதைகளில் 64 வகை 28 நாள் ஊறியபிறகும் முளைத்தன. சில 137 நாள் தாக்குப்பிடித்தன. ஆனால் வெற்றியில் ஒரு ஓட்டை இருந்தது. பெரும்பாலான விதைகள் தண்ணீரில் மூழ்கிவிட்டன. மூழ்கும் விதை எந்தக் கரைக்குப் போகும்? பிறகு அவர் காய்களோடு காய்ந்த கிளைகளை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. சமையல் உப்பும் பழைய ஜாம் போத்தலும் இருந்தால் இதை எந்த வீட்டிலும் செய்யலாம்.

உப்புத் தண்ணீருக்கு வெளியே காத்திருப்பு இன்னும் நீளம். வில்லியம் பீல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1879இல் மிச்சிகனில் விதைகளைப் போத்தல்களில் இட்டுப் புதைத்தார். 2021இல் தோண்டியெடுத்த போத்தலிலும் சில விதை முளைத்தது. யூதேயப் பாலைவனத்து மசாடாக் கோட்டையில் கிடைத்த ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைவிட்டு மரமாகியிருக்கிறது.

இவ்வளவு காலம் காத்திருக்க எப்படி முடிகிறது? தாய்ச்செடியில் முதிரும் கடைசி நாட்களில் பயறு தன் தண்ணீரை மெல்ல இழக்கிறது. தண்ணீர் வெளியேற வெளியேற, கலத்துக்குள் சீனிகளும் விசேட புரதங்களும் அந்த இடத்தை நிரப்பி, மென்சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதையாமல் காக்கின்றன. கடைசியில் கலத்தின் உட்பொருள் கண்ணாடிபோல இறுகிவிடுகிறது. அதில் எந்த இரசாயன மாற்றமும் மிக மிக மெதுவாகத்தான் நடக்கும். விதைச் சேமிப்பில் ஒரு கைக்கணக்கு உண்டு. ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 பாகை குறைந்தாலும் இரட்டிக்கும். இறுக மூடிய போத்தலில் பிரிட்ஜில் வைத்த கத்தரி விதை அடுத்த போகத்துக்கும் முளைப்பது இதனால்தான்.

பலாக்கொட்டைக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. முதிர்ந்த கொட்டையின் நிறையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். அது உறங்குவதேயில்லை, சுளைக்குள் இருக்கும்போதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறிப் பழுத்த பலாவை வெட்டினால் சில கொட்டைகளில் வெள்ளை வால் ஏற்கெனவே எட்டிப்பார்ப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். சௌசௌ இன்னும் ஒரு படி மேல். ஒரு காய்க்கு ஒரே விதை, அதுவும் காய்க்குள்ளேயே முளைக்கும். மண்ணும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முற்றிய சௌசௌ ஒன்றை ஜன்னலில் சும்மா வைத்துவிட்டால், வாயைத் திறந்து பச்சைக் கொடியை நீட்டும். பிள்ளைகளோடு வீட்டுக்குள் செய்யக்கூடிய முளைத்தல்களில் இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரியாது. எந்தப் பாடசாலைக் கோப்பையிலும் இதை இதுவரை கண்டதில்லை.

ஈரவலயக் காட்டின் தரையில் விழும் கொட்டைக்குக் காத்திருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மண் எப்போதும் ஈரம், எலியும் பூஞ்சணமும் எப்போதும் பசி. விழுந்த வேகத்தில் வேர் விட்டுவிடுவதே பிழைக்கும் வழி. கண்டி வீட்டுத்தோட்டம் என்று வேளாண் நூல்களில் தனிப் பேர் பெற்ற நம் வளவுகளைப் பாருங்கள். பலா, மா, அவகாடோ, சாதிக்காய், மங்குஸ்தான், டூரியன், இடையில் கொக்கோ, தேயிலை. ஏறக்குறைய எல்லாம் இந்தக் காத்திராத கூட்டம். விதைகளை இப்படி இரண்டாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியவர் ஈ. எச். ரொபர்ட்ஸ், 1973இல். அதற்கு வெகுகாலம் முன்பே தோட்டக்காரர்கள் இதற்காக நிறைய விலை கொடுத்திருந்தார்கள். 1876இல் ஹென்றி விக்காம் அமேசன் காட்டிலிருந்து 70,000 இறப்பர் விதைகளைக் கப்பலில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். லண்டன் கியூ பூங்காவில் அவசர அவசரமாக விதைத்தும் 100க்கு நாலளவில்தான் முளைத்தன, மற்றவை வழியிலேயே செத்திருந்தன. முளைத்ததில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் பெரும்பாலானவை கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இறப்பர் கொட்டை பயற்றைப்போலக் காத்திருக்கக் கூடியதாக இருந்திருந்தால் ஒரு தபால் பொதியில் முடிந்திருக்கும் காரியம்.

மகாவலி பேராதனைப் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. அக்கரையில் கன்னொறுவை, 1638இல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயர் படையை அழித்த இடம். இப்போது அங்கே ஜப்பானிய உதவியோடு 1988இல் அமைந்த தாவர மரபுவள நிலையம் இருக்கிறது. நாட்டின் நெல், பயறு, சிறுதானிய வகைகள் காயவைத்துக் குளிரறையில் உறங்குகின்றன. பலாவையும் மாவையும் அப்படி உறங்கவைக்க வழியில்லை. அந்த வகைகளை மரமாகவே நட்டு வளர்த்துக் காக்கவேண்டும், அல்லது கருவை மட்டும் நுட்பமாக வெட்டியெடுத்துத் திரவ நைதரசனில் உறையவைக்க வேண்டும். ஒரு பயற்று வகையைக் காக்கச் சிறு பொதி போதும். ஒரு பலா வகையைக் காக்க நிலம் வேண்டும்.

இதே இக்கரைப் பூங்காவில் இரட்டைத் தேங்காய் மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். உலகத்தில் மிகப் பெரிய விதை அதனுடையது, 15 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. மரத்தில் முதிர ஆறேழு ஆண்டு. முளைக்கும்போது கயிறு போன்ற ஒரு காம்பைச் சில மீற்றர் தூரம் மண்ணுக்குள் ஓடவிட்டு, அங்கேதான் முதல் இலையை எழுப்பும். தாயின் நிழலிலிருந்து தள்ளிப்போக அது கண்ட வழி. அவ்வளவு பெரியதாக இருந்தும் காய்ந்தால் பிழைக்காது.

வீட்டில் செய்ய ஒரு பரிசோதனையோடு முடிக்கிறேன். பலா மலிந்திருக்கும் நாட்களில் ஒரே பழத்திலிருந்து முப்பது கொட்டை எடுங்கள். வழுவழுப்பான தோலைக் கழுவிவிட்டுப் பத்தை அன்றைக்கே ஈரத் தும்புச்சோற்றில் பாதி புதைத்துவையுங்கள். பத்தைச் சுளகில் நிழலில் ஒரு வாரம் காயவிட்டும், மிச்சப் பத்தை மூன்று வாரம் காயவிட்டும் அதே மாதிரி வையுங்கள். ஒவ்வொரு பத்தையும் காயவிடுமுன் ஒருமுறை, புதைக்குமுன் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதவேண்டும். எவ்வளவு தண்ணீர் போனபிறகு எத்தனை முளைத்தன என்பதுதான் இங்கே விடை, ஆகவே நிறுக்காமல் செய்தால் பயனில்லை. பூஞ்சணம் பிடித்ததை உடனே அகற்றுங்கள். அன்றே புதைத்தவை சில வாரத்தில் குத்துக்கோல்போல ஒரு தண்டை எழுப்பும். வித்திலைகள் பயற்றில் மேலே வருவதுபோல வராமல் மண்ணுக்குள்ளேயே தங்கும். ஆணிவேர் அவசரக்காரன், யோகட் கோப்பையின் அடியை முட்டிச் சுருண்டுவிடும். ஆழமான பொலித்தீன் பையே ஏற்றது. முன்பு பஞ்ச காலத்துக்கென்று கொட்டைகளை மணலில் புதைத்துவைத்த வீடுகள் இருந்தன. நாலாவது பத்து ஒன்றைச் சேர்த்து மணலில் வைத்தால், அது எந்த வரிசையில் போய் நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம்.